ஈ.பி. பில்லும் சிலிண்டரும்: தமிழ்நாட்டில் புதிதாகக் குடித்தனம் போகிறவர்களுக்கு

ஹாஸ்டலிலோ பெற்றோர் வீட்டிலோ இருக்கும்வரை கரண்ட் பில் யாரோ கட்டுகிற சமாச்சாரம். கல்யாணமாகியோ, வேலை மாறியோ, வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தோ தனியாக ஒரு வீடு எடுத்த பிறகுதான் அந்த எஸ்.எம்.எஸ். நம் போனுக்கு வர ஆரம்பிக்கிறது. வந்ததும் முக்கால்வாசிப் பேர் கேட்பது இதைத்தான்: அரசாங்கம் ஏதோ மானியம் தருகிறதாமே, அதற்கு எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும்?

மின்சாரத்தைப் பொறுத்தவரை எங்கேயும் எழுதிக் கொடுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கான மானியம் பணமாகக் கைக்கு வராது, பில்லிலேயே கழித்துக்கொண்டுதான் வரும். எத்தனை யூனிட் ஓடியது, மீட்டர் உங்களுக்கென்று தனியாக இருக்கிறதா, இணைப்பு என்ன வகை என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும், சில சமயம் ஒரே ஒரு யூனிட்டில் அதில் ஒரு பகுதி காணாமலும் போகும். அதனால் உதவி வேண்டும் என்பவர்கள் முதலில் மீட்டரையும் பில்லையும் படிக்கப் பழக வேண்டும். சிலிண்டர், சோலார் இரண்டுக்கும் விண்ணப்பம் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வீட்டுக்குள் போகும் முன்

வாடகை பேசும்போதே மீட்டர் பெட்டி எங்கே என்று கேட்டுப் போய்ப் பாருங்கள். மூன்று விஷயம் தெரிய வேண்டும்: உங்கள் போர்ஷனுக்கென்று மின்வாரியத்தின் மீட்டரே இருக்கிறதா அல்லது வீட்டுக்காரர் வைத்த சப்-மீட்டரா, சர்வீஸ் நம்பர் என்ன, இன்றைய ரீடிங் எவ்வளவு. ரீடிங்கைத் தேதியோடு போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். முன்பு இருந்தவர் ஓட்டிய யூனிட்டுக்கு நீங்கள் பணம் கட்டாமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை.

சர்வீஸ் நம்பர், ரீடிங் எழுதும் வெள்ளை அட்டையில் இருக்கும். நம்பரின் தொடக்கம் எந்த மண்டலம் என்று சொல்லும், அப்புறம் பிரிவு அலுவலகம், பகிர்மானம், கடைசியில் உங்கள் இணைப்பின் எண். அதை மின்வாரிய இணையதளத்திலோ ஆப்பிலோ போட்டால் பழைய பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பாக்கி ஆளோடு போகாது, இணைப்போடுதான் நிற்கும். முன்னால் இருந்தவர் கட்டாமல் போனாலும் ஃபியூஸ் பிடுங்கப்படுவது நீங்கள் இருக்கும் வீட்டில்தான். அதே இணையதளத்தில் உங்கள் மொபைல் நம்பரையும் பதிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பில் வந்த செய்தி பழைய குடித்தனக்காரருக்கே போய்க்கொண்டிருக்கும்.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. டி.என்.இ.பி. என்பார்கள், டான்ஜெட்கோ என்பார்கள், 2024-க்குப் பிறகு வந்த பில்லில் டி.என்.பி.டி.சி.எல். என்று இருக்கும். மின்வாரியம் பிரிந்து பிரிந்து வந்த பெயர்கள் இவை; வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் இடம் இப்போது அந்தக் கடைசி நிறுவனம். ஊரில் எல்லோருக்கும் அது இன்னும் ஈ.பி. ஆபீஸ்தான், நீங்களும் அப்படியே கேளுங்கள்.

பில் எப்படிப் போடுகிறார்கள்

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். மாதாமாதம் எடுக்கும் முறை வரும் என்ற வாக்குறுதி 2021 தேர்தலிலிருந்தே காதில் விழுந்துகொண்டிருக்கிறது. ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும், தாண்டினால் இணைப்பைத் துண்டிக்கலாம். திரும்பக் கொடுக்கத் தனிக் கட்டணம்.

2016 மே மாதத்திலிருந்து எல்லா வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். பணக்காரர், ஏழை என்ற வித்தியாசம் இல்லை, விண்ணப்பமும் இல்லை. அதற்கு மேல் வருவதுதான் சூட்சுமம். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, மானியம் போக நாம் கட்டுவது இது. மொத்தம் 500 யூனிட்டுக்குள் முடித்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ. 2.35, 201 முதல் 400 வரை ரூ. 4.70, 401 முதல் 500 வரை ரூ. 6.30. 500-ஐத் தாண்டிவிட்டால் வேறு அட்டவணை: அந்த ரூ. 2.35 என்ற படியே கிடையாது, 101-லிருந்து 400 வரை முழுக்க ரூ. 4.70, பிறகு 500 வரை ரூ. 6.30, 600 வரை ரூ. 8.40, 800 வரை ரூ. 9.45, 1,000 வரை ரூ. 10.50, அதற்கு மேல் ரூ. 11.55. 2025 ஜூலையிலும் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தை 3.16 சதவீதம் உயர்த்தியது, ஆனால் வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டதால் வீட்டு பில்லில் மாற்றம் இல்லை. ஜூலை மாதம் வந்தாலே கட்டணச் செய்தியை ஒரு கண் பார்த்துக்கொள்வது நல்லது, உயர்வு அறிவிப்பு பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது.

கணக்காகப் போட்டால் விஷயம் உறைக்கும். சரியாக 500 யூனிட்: 235 + 940 + 630, ஆக ரூ. 1,805. 501 யூனிட்: 1,410 + 630 + 8.40, ஆக ரூ. 2,048.40. ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய். அரசு கொடுக்கும் மானியத்தில் ஒரு துண்டை அந்த ஒரு யூனிட் விழுங்கிவிடுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் எட்டரை, ஒன்பதரை என்று ஏறும். 600 ஓடினால் ரூ. 2,880; 800 ஓடினால் ரூ. 4,770. யூனிட் 60 சதவீதம் கூடியதற்கு பில் இரண்டரை மடங்குக்கு மேல். கோடையில் "போன தடவையைவிடக் கொஞ்சம்தான் ஏசி கூடப் போட்டோம், பில் இப்படி வருமா" என்று கேட்கிற வீடுகளில் பாதிக்கு விடை இந்த 500 கோடுதான். மீட்டர் வேகமாக ஓடுகிறது, மீட்டரை மாற்ற வேண்டும் என்று அலைவதற்கு முன் கோட்டைத் தாண்டினோமா என்று பாருங்கள்.

இன்னொன்று, கரண்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டியிருந்த நிலைக் கட்டணம், 2022 செப்டம்பர் திருத்தத்தில் வீடுகளுக்கு எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே வீடு பூட்டிக் கிடந்து 100 யூனிட்டுக்குள் ஓடினால் பில் பூஜ்யம். அப்படி இல்லாமல் திடீரென்று ஒரு பெரிய தொகை சேர்ந்து வந்தால் கூடுதல் டெபாசிட்டா என்று பாருங்கள். உங்கள் பயன்பாடு கூடியிருந்தால் வைப்புத்தொகையையும் அதற்கேற்ப உயர்த்திக் கேட்பார்கள். அது செலவு இல்லை, உங்கள் கணக்கில் நிற்கும், வட்டியும் உண்டு. வாடகைக்கு இருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் என்றால் டெபாசிட்டும் அவர் பெயரில்தான் சேரும், அதை நீங்கள் கட்டினால் வாடகையில் கழித்துக்கொள்வதாக முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரு முறை மீட்டரைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்வேன் என்பவர்கள் இதைச் செய்யுங்கள். ரீடிங் எடுத்த தேதி அட்டையில் இருக்கும் அல்லது எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். அதிலிருந்து முப்பதாவது நாள் போனில் ஒரு நினைவூட்டல் வைத்து, மீட்டரைப் போய்ப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டர் மாறி மாறிப் பல எண்களைக் காட்டும்: தேதி, நேரம், வோல்ட், இன்னும் என்னென்னவோ. கே.டபிள்யூ.எச். என்று பக்கத்தில் வரும் எண்தான் யூனிட், புள்ளிக்குப் பின்னால் இருப்பதை விட்டுவிடலாம். போன ரீடிங்கைக் கழித்தால் ஓடியது தெரியும். 250-க்குள் என்றால் நிம்மதி. 280, 290 என்று இருந்தால் இன்னும் முப்பது நாள் கையில் இருக்கிறது, எதையாவது குறைத்து 500-க்குள் நிற்க முடியும். ஐம்பதாவது நாள் பார்த்தால் வருத்தப்படத்தான் முடியும்.

எதைக் குறைப்பது? நாலு ட்யூப்லைட்டை அணைத்துக்கொண்டே திரிவதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. பெரிய தீனிக்காரர்கள் ஏசி, கீசர், மோட்டார், பிறகு யாரும் சந்தேகப்படாத ஃபேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட். பி.எல்.டி.சி. என்ற புதுவகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் சுமாருக்கு அதே காற்றைக் கொடுக்கும், 27 யூனிட்டில் முடிந்துவிடும். இரண்டு மாதத்துக்கு 560 யூனிட் ஓட்டும் வீட்டில் அதிகம் சுற்றும் இரண்டு ஃபேனை மட்டும் மாற்றினால் 80 யூனிட் குறைந்து 480-ல் நிற்கும். பில் ரூ. 2,544-லிருந்து ரூ. 1,679-க்கு இறங்கும். ஒரு ஃபேன் மூவாயிரம் சுமார் என்று வைத்தாலும் ஏழு பில்லில் போட்ட பணம் வந்துவிடுகிறது. இதே ஃபேனை 300 யூனிட் ஓட்டும் வீட்டில் மாற்றினால் மிச்சம் பாதிகூட இருக்காது. கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறீர்களோ அவ்வளவு லாபம்.

ஏசி வாங்குபவர்கள் நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிறுத்தாமல் ஸ்டிக்கரில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பதைப் படியுங்கள். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. 800 என்று போட்டிருந்தால் மணிக்கு அரை யூனிட். ராத்திரி எட்டு மணி நேரம் வீதம் இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். மேல்மாடி, மேற்குச் சுவர், மே மாதம் எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். கடையில் ஆஃபர் விலையைக் காட்டுவார்கள், இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்ட மாட்டார்கள். கீசர் 2,000 வாட் என்றால் அரை மணிக்கு ஒரு யூனிட். ஆளுக்கு ஆள் போட்டு அணைக்காமல் விட்டுவிடுவதுதான் அதில் பிரச்சினை.

ரீடிங் எடுக்க வருபவர் ஐந்தாறு நாள் தள்ளி வந்தால் அந்த நாட்களின் யூனிட்டும் இதே பில்லில் ஏறி, 490-ல் நிற்க வேண்டியது 530 ஆகிவிடலாம். அறுபதாவது நாள் நீங்களே ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் பிரிவு அலுவலகத்தில் பேச ஒரு பிடி இருக்கும். வீடு பூட்டியிருந்தால் முந்தைய கணக்கை வைத்து ஒரு தொகை போட்டுவிட்டு அடுத்த ரீடிங்கில் சரிசெய்வார்கள். அந்த அடுத்த பில்லை மட்டும் நிச்சயம் சரிபாருங்கள். மின்வாரிய இணையதளத்திலேயே பில் கணக்கிடும் வசதி இருக்கிறது, யூனிட்டைப் போட்டால் தொகை சொல்லும்.

வாடகை வீடும் சப்-மீட்டரும்

வாடகைதாரர்களுக்கு மானியம் கைநழுவுவது பெரும்பாலும் இங்கேதான். நிறைய ஊர்களில் ஒரே சர்வீஸ் எடுத்து, மாடிக்கு ஒரு சப்-மீட்டர் வைத்து, "யூனிட்டுக்கு ஒன்பது ரூபா, எல்லாரும் அப்படித்தான் குடுக்குறாங்க" என்று சொல்லிவிடுவார்கள். நீங்கள் இரண்டு மாதத்தில் 180 யூனிட் ஓட்டினால் வீட்டுக்காரருக்கு ரூ. 1,620 கொடுக்கிறீர்கள். அதே 180 யூனிட் தனி இணைப்பில் ஓடியிருந்தால் பில் ரூ. 188. எழுத்துப் பிழை இல்லை, நூற்று எண்பத்தெட்டுதான்.

வீட்டுக்காரர் எப்போதும் லாபம் பார்க்கிறார் என்றும் சொல்ல முடியாது. கீழ்வீட்டில் 300, மாடியில் 260 என்று ஒரே மீட்டரில் 560 ஓடினால் அவருக்கே பில் ரூ. 2,544 வரும். இரண்டும் தனி மீட்டராக இருந்தால் 705-ம் 517-ம் சேர்ந்து ரூ. 1,222 தான். ஒரே சர்வீஸ் என்பதால் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு இலவச 100 யூனிட், அதோடு 500 கோட்டையும் சுலபமாகத் தாண்டிவிடுகிறது. ஆகவே சண்டை போடாமல் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு அவரிடமே காட்டுங்கள். தனி வாசல், தனிச் சமையலறை என்று உண்மையிலேயே தனிக் குடித்தனமாக இருக்கும் போர்ஷனுக்குத் தனி இணைப்பு கேட்கலாம், விண்ணப்பத்தை இணையத்திலேயே போட முடியும். "சார், தனி சர்வீஸ் எடுத்தா உங்க பில்லும் பாதியாகுது" என்று சொன்னால் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இதைத் திருப்பிப் போட்டு, ஒரே குடும்பம் இருக்கும் வீட்டுக்கு இரண்டு சர்வீஸ் வாங்கி இரண்டு முறை 100 யூனிட் எடுப்போம் என்று யாராவது யோசனை சொன்னால் விட்டுவிடுங்கள். மின்வாரியம் சில வருடமாகவே அப்படிப்பட்ட இணைப்புகளைத் தேடிப்பிடித்து ஒன்றாக்கிக்கொண்டிருக்கிறது.

தனி இணைப்புக்கு வழியே இல்லை என்றால் ஒப்பந்தம் எழுதும்போதே மின்சாரத்துக்கு என்ன கணக்கு என்று எழுதி வாங்குங்கள். மொத்த பில்லை இரண்டு சப்-மீட்டர் ரீடிங்கின் விகிதத்தில் பிரிப்பதுதான் நியாயமான முறை. மின்சாரத்தை லாபத்துக்கு விற்க உரிமம் வேண்டும், வீட்டுக்காரருக்கு அது கிடையாது. ஆனால் இதை முதல் நாளே சட்டமாகப் பேசினால் வீடு கிடைக்காது என்பதும் உங்களுக்கே தெரியும். கணக்கு பேசுங்கள், சட்டம் கடைசியில்.

2022 கடைசியில் சர்வீஸ் நம்பரோடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது வாடகைக்கு இருப்பவர்களும் தங்கள் ஆதாரை இணைக்க முடிந்தது. இதனால் வீடு நம் கையை விட்டுப் போய்விடும் என்று பல வீட்டுக்காரர்கள் அப்போது பயந்தார்கள். அப்படி எதுவும் இல்லை, அது மானியக் கணக்குக்கான இணைப்பு மட்டுமே.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு பில் உண்டு: மாடிப்படி விளக்கு, மோட்டார், லிஃப்ட் எல்லாம் ஓடும் காமன் சர்வீஸ். அதற்கு 100 யூனிட் இலவசம் கிடையாது, கட்டணமும் தனி. பத்து வீட்டுக்கு மேல் போகாத, மூன்று மாடிக்குள் இருக்கும், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு மட்டும் 2023-ல் ரூ. 8-லிருந்து ரூ. 5.50-ஆகக் குறைத்தார்கள், பிறகு வந்த உயர்வில் கொஞ்சம் கூடியிருக்கிறது. உங்கள் குடியிருப்பு அந்த அளவுக்குள் வந்தும் பழைய விகிதத்திலேயே பில் வந்தால் சங்கச் செயலாளரைப் பிரிவு அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். கட்டி முடித்த வீட்டுக்குப் புதிதாகக் குடிபோகிறவர்கள், கட்டுமானத்துக்காக வாங்கிய தற்காலிக இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றிவிட்டார்களா என்று மேஸ்திரியிடமோ பில்டரிடமோ கேளுங்கள். மாற்றும்வரை ஓடுகிற ஒவ்வொரு யூனிட்டும் உச்சவிலை.

கைத்தறி போட்டிருக்கும் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1,000 யூனிட் என்று இலவச அளவு 2023-ல் கூட்டப்பட்டது. அது பொது 100 யூனிட் போலத் தானாக வராது, தறி இருப்பதற்கான பதிவு வேண்டும்.

பில் தப்பாக வந்தால்

முதலில் வீட்டில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருக்கும்; கரண்ட் ஓட ஓட அது வேகமாக மினுக்கும். எல்லாம் அணைத்த பின்னும் மினுக்கினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே எங்கேயோ ஒழுகுகிறது, அல்லது வேறு யாரோ உங்கள் கணக்கில் விளக்கு எரிக்கிறார்கள். பழைய கட்டடங்களில் மாடிப்படி விளக்கும் பொது மோட்டாரும் ஏதோ ஒரு வீட்டு மீட்டரில் சத்தமில்லாமல் ஓடுவது ஒன்றும் அதிசயமில்லை. நல்ல எலக்ட்ரீஷியன் அரை மணியில் கண்டுபிடித்துவிடுவார்.

மினுக்கவில்லை, ஆனாலும் பில் சந்தேகமாக இருக்கிறது என்றால் அட்டையில் எழுதிய எண்ணும் மீட்டரில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா பாருங்கள். எண் மாறிப் பதிவது நடக்கிற விஷயம். பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் தேதியும் போட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். மீட்டரையே சோதிக்க வேண்டும் என்றால் கட்டணம் கட்டிக் கேட்கலாம். போனில் சொல்ல வேண்டுமானால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987, 24 மணி நேரமும் எடுப்பார்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் பேசியது பேசாததற்குச் சமம். அங்கேயும் தீராவிட்டால் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது, அதற்கும் மேலே சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். இந்த இரண்டுக்கும் வக்கீல் தேவையில்லை, நீங்களே எழுதலாம்.

இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த நம்பருக்குப் பேசுங்கள் என்று தனி நபர் நம்பரிலிருந்து ஒரு செய்தி வரும். மோசடி. பேசினால் ஏதோ ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். பில் கட்டினோமா என்ற சந்தேகம் இருந்தால் மின்வாரிய ஆப்பில் சர்வீஸ் நம்பரைப் போட்டுப் பாருங்கள்.

சோலார் யாருக்கு, யாருக்கு வேண்டாம்

2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் பி.எம். சூர்யா கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு ரூ. 30,000, இரண்டுக்கு ரூ. 60,000, மூன்றும் அதற்கு மேலும் ரூ. 78,000 மானியம். இதற்கு விண்ணப்பம் உண்டு: திட்டத்தின் இணையதளத்தில் சர்வீஸ் நம்பரோடு பதிந்து, அங்கே பட்டியலில் இருக்கும் நிறுவனத்தை வைத்தே போட வேண்டும், பேனல் இந்தியாவில் தயாரானதாக இருக்க வேண்டும். முழுப் பணத்துக்கும் முதலில் நீங்கள்தான் வழி செய்ய வேண்டும்; மாட்டி முடித்து, மின்வாரியம் மீட்டரை மாற்றிச் சரிபார்த்த பிறகுதான் மானியம் வங்கிக்கு வரும். வங்கிகளில் இதற்கென்றே அடமானம் இல்லாக் கடன் இருக்கிறது.

வாசலுக்கு வரும் ஏஜென்டுகள் எல்லா வீட்டுக்கும் இது லாபம் என்பார்கள். இல்லை. 300 யூனிட் ஓட்டும் வீட்டின் பில் ரூ. 705, வருடத்துக்கு ரூ. 4,230. மூன்று கிலோவாட் போட இரண்டு லட்சத்தை ஒட்டி ஆகும். மானியம் போக ஒரு லட்சத்து இருபதாயிரம் போட்டு, முழு பில்லும் மிச்சமானாலும் திரும்பி வர 28 வருடம். 800 யூனிட் ஓட்டும் வீட்டில் வருட பில் ரூ. 28,000-க்கு மேல், அங்கே ஐந்து வருடம் சுமாரில் கணக்கு நேராகும். இந்த சோலார் மானியம் ஏழைபாழைகளுக்கு என்று நினைத்தால், நிஜத்தில் சொந்த மொட்டைமாடியும் இரண்டு ஏசியும் இருப்பவருக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. வாடகைக்கு இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

சிலிண்டர்

14.2 கிலோ வீட்டு சிலிண்டருக்கு எல்லோருக்கும் வந்துகொண்டிருந்த மானியம் 2020-க்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்குப் பேருக்குத்தான். ஒழுங்காக மிஞ்சியிருப்பது மத்திய அரசின் உஜ்வாலா திட்டம். வீட்டில் வேறு எரிவாயு இணைப்பு இல்லாத, ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்த, 18 வயது நிறைந்த பெண்ணின் பெயரில் டெபாசிட் இல்லாமல் இணைப்பு, அடுப்பு, முதல் சிலிண்டர் கிடைக்கும். பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரூ. 300 வங்கிக் கணக்குக்கு வரும். வருடத்துக்கு 12 சிலிண்டர் வரை என்று இருந்ததை 2025-26-ல் ஒன்பதாகக் குறைத்தார்கள். பிழைப்புக்காக ஊர் மாறி வந்தவர்களிடம் இங்கே ரேஷன் கார்டு இல்லாவிட்டாலும் சுய உறுதிமொழி கொடுத்து விண்ணப்பிக்கலாம். பணம் வரவில்லை என்றால் பாதி நேரம் காரணம் கைரேகை வைக்கும் கே.ஒய்.சி. முடிக்காததுதான், ஏஜென்சியில் கேளுங்கள்.

ரூம் எடுத்துத் தங்கும் பேச்சிலர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள், அடையாள அட்டை போதும். மானியம் இல்லாத விலை என்றாலும், ஹோட்டல் சாப்பாட்டோடு ஒப்பிட்டால் பரவாயில்லை.

சிலிண்டர் போட வருபவர் பில்லுக்கு மேல் ஐம்பதோ நூறோ கேட்பார். வீட்டில் கொண்டுவந்து கொடுப்பதற்கான காசு பில்லிலேயே சேர்ந்திருக்கிறது. நாலாவது மாடிக்கு லிஃப்ட் இல்லாமல் தோளில் சுமந்து வருகிறவருக்கு நீங்களாக ஏதாவது கொடுப்பது உங்கள் மனசு, ஆனால் கட்டாயம் இல்லை. வாங்கும்போது சிலிண்டரின் கைப்பிடியைத் தாங்கும் பட்டையில் பாருங்கள்: வெற்று எடை அச்சிட்டிருக்கும், அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வர வேண்டிய எடை. 150 கிராம் வரை முன்னே பின்னே இருக்கலாம். சந்தேகம் என்றால் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், வருபவர் தராசு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதே பட்டையில் ஆங்கில எழுத்து ஒன்றும் வருடமும் இருக்கும். 'ஏ' என்றால் மார்ச், 'பி' ஜூன், 'சி' செப்டம்பர், 'டி' டிசம்பர் வரை; அந்தத் தேதி கடந்த சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்பலாம். சீலைப் பிரித்து, வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகு, போனுக்கு வந்த டெலிவரி எண்ணைச் சொல்லுங்கள். ராத்திரியில் வாடை வந்தால் 1906-க்குப் போன் போடுங்கள், ஆனால் வீட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டு.